அந்தோரா விசா கேட்காது, ஆனாலும் விசா இல்லாமல் போய்ச் சேர முடியாது

அந்தோராவுக்குப் போக விசா வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பதும் சரி, வேண்டும் என்பதும் சரி. உங்கள் கையில் எந்த நாட்டு பாஸ்போர்ட் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. எங்கள் வீட்டில் அம்மா, நான், அக்கா, அக்கா பிள்ளைகள் எல்லோருக்கும் மலேசிய பாஸ்போர்ட். அத்தான் திருச்சிக்காரர், பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் எம்ப்ளாய்மென்ட் பாஸில் வேலை பார்க்கிறார், அவருடையது இந்திய பாஸ்போர்ட். ஒரே குடும்பம், ஒரே விமானம், ஒரே ஹோட்டல், ஆனால் எங்களுக்கு ஒரு சட்டம் அவருக்கு ஒரு சட்டம். பினாங்கிலும் கேஎல்லிலும் (கோலாலம்பூர்) இப்படி மாப்பிள்ளை ஒரு நாடு பெண் ஒரு நாடு என்று எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. அந்த வீடுகளில் ஒருவராவது இதைப் படித்துவிட்டு டிக்கெட் போட்டால் எனக்குச் சந்தோஷம்.

முதலில் அந்த நாடு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் விசாச் சிக்கல் முழுக்க அந்த இடத்தால் வருவதுதான். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே பிரனீஸ் மலைகள் ஓடுகின்றன, அந்த மலைகளுக்குள் 468 சதுர கிலோமீட்டரில் உட்கார்ந்திருக்கிறது அந்தோரா. பினாங்குத் தீவை விடப் பெரியது, செபராங் பிறையையும் சேர்த்தால் நம் மாநிலத்தில் பாதிகூட வராது. கடல் கிடையாது, ரயில் கிடையாது, விமானம் இறங்க ஓடுதளமும் கிடையாது. சாலை ஒன்றுதான் வழி, அந்தச் சாலையும் ஒரு பக்கம் ஸ்பெயினிலிருந்து வருகிறது, இன்னொரு பக்கம் பிரான்சிலிருந்து வருகிறது. இந்த இரண்டு நாடுகளும் ஷெங்கன், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்தில் இருப்பவை. அந்தோரா ஷெங்கனிலும் இல்லை, ஐரோப்பிய ஒன்றியத்திலும் இல்லை. செலவழிப்பது மட்டும் யூரோவில்.

இப்போது யோசித்துப் பாருங்கள். பார்சலோனாவில் இறங்குகிறீர்கள், அங்கே ஷெங்கனுக்குள் ஒரு தடவை நுழைந்தாயிற்று. பஸ் ஏறி மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ ஆனால் அந்தோரா, அதாவது ஷெங்கனை விட்டு வெளியே வந்துவிட்டீர்கள். ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டுமென்றால் மறுபடி ஸ்பெயினுக்குள்ளோ பிரான்சுக்குள்ளோ போயாக வேண்டும், வேறு வழியே இல்லை, அது இரண்டாவது நுழைவு. விசாவில் ஒரு நுழைவுதான் கொடுத்திருக்கிறார்கள் என்றால் அது பார்சலோனாவிலேயே தீர்ந்துபோனது. அந்தோரா உங்களிடம் விசா என்று எதுவும் கேட்காது, அது தனியாக சுற்றுலா விசா கொடுக்கிற நாடும் இல்லை, ஆனால் உள்ளே போக ஒரு முறையும் வெளியே வர ஒரு முறையும் பக்கத்து வீட்டுக்காரரின் அனுமதி வேண்டும். இந்திய பாஸ்போர்ட்டுக்குக் குறைந்தது இரட்டை நுழைவு, முடிந்தால் பன்முறை நுழைவு ஷெங்கன் விசா. இந்த ஒரு விஷயம் தெரிந்தால் மற்றதெல்லாம் வழக்கமான ஷெங்கன் வேலைதான்.

மற்ற குட்டி நாடுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை, அதனால்தான் ஆட்கள் குழம்புகிறார்கள் என்று நினைக்கிறேன். லிக்டன்ஸ்டைன் 2011 டிசம்பரிலிருந்து ஷெங்கனுக்குள்ளேயே இருக்கிறது. சான் மரினோவும் வத்திக்கானும் ஷெங்கனில் சேரவில்லை, இருந்தாலும் இத்தாலியிலிருந்து நடந்தே உள்ளே போகலாம், நடுவில் பாஸ்போர்ட் பார்க்கிற ஆள் கிடையாது. மொனாக்கோ பிரான்சோடு ஒட்டிய ஏற்பாட்டில் ஷெங்கன் எல்லைக்குள் இருப்பது போலத்தான் நடக்கிறது. இங்கேயெல்லாம் ஒரு நுழைவு விசாவிலேயே போய் வரலாம். அந்தோராவில் மட்டும் எல்லையில் சாவடி உண்டு, போலீஸ் உண்டு, சுங்கம் உண்டு.

நாங்கள் ஏன் அந்தோராவைப் பிடித்துக்கொண்டோம் என்று கேட்பீர்கள். அம்மாதான் காரணம். அம்மாவுக்கு மாதா கோயில் என்றால் போதும், புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவை இதுவரை விட்டதில்லை, வேளாங்கண்ணிக்கும் போயிருக்கிறார். செப்டம்பர் 8 வேளாங்கண்ணித் திருவிழா என்று நமக்குத் தெரியும், மாதா பிறந்தநாள். அதே செப்டம்பர் 8தான் அந்தோராவின் தேசிய நாள், அவர்களுடைய காவல் தெய்வம் மெரிட்செல் மாதா. பனிக்காலத்தில் பூக்கக்கூடாத ஒரு காட்டு ரோஜா பூத்திருக்க அதன் அடியில் மாதா சிலை கிடைத்ததாக ஒரு கதை, அந்த மரச்சிலையும் பழைய கோயிலும் 1972 செப்டம்பர் 8 இரவு, திருவிழா அன்றைக்கே, எரிந்துபோயின. பிறகு ரிக்கார்தோ போஃபில் என்ற கட்டடக் கலைஞர் வரைந்து 1976ல் புதுக்கோயில் எழுந்தது, இப்போது அங்கே இருப்பது பழைய சிலையைப் பார்த்துச் செய்த பிரதி. இதை ஒரு வீடியோவில் பார்த்துவிட்டு அம்மா என்னிடம், "ஐயா, லூர்துக்கு எல்லாரும் போறாங்க, இந்தம்மாவ யாரு பாக்கப் போறா?" என்று கேட்டார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல. பள்ளி விடுமுறையில்தான் எல்லோருக்கும் லீவு ஒத்து வந்தது, அதனால் திருநாளுக்குப் போக முடியவில்லை, ஆனால் போனோம்.

சரி, அத்தான் விசாவுக்கு வருகிறேன்.

எங்கே விண்ணப்பிப்பது என்பது முதல் கேள்வி. ஷெங்கன் விதி என்னவென்றால், பயணத்தில் எந்த ஷெங்கன் நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும், நாள் கணக்கு சமமாக வந்தால் முதலில் நுழைகிற நாட்டிடம். அந்தோரா ஷெங்கன் இல்லை என்பதால் அங்கே தங்குகிற இரவுகள் இந்தக் கணக்கில் சேராது. பார்சலோனா வழியாகப் போய் பார்சலோனா வழியாகத் திரும்பினால் ஸ்பெயின், துலூஸ் வழி என்றால் பிரான்ஸ். ஒரு பக்கம் போய் மறுபக்கம் இறங்குவது அழகான பயணம்தான், ஆனால் விண்ணப்பம் எழுதும்போது எந்த நாட்டில் எத்தனை இரவு என்று தெளிவாகக் காட்ட வேண்டி வரும். நாங்கள் ஸ்பெயின் வழியையே போகவும் வரவும் வைத்துக்கொண்டோம், ஒரே தூதரகம், ஒரே விளக்கம்.

மலேசியாவில் வேலை செய்கிற இந்தியர் விண்ணப்பத்துக்காக ஊருக்குப் போக வேண்டியதில்லை, சட்டப்படி இங்கே வசிப்பவர் இங்கேயே விண்ணப்பிக்கலாம். ஆனால் கைரேகை கொடுக்க நேரில் போக வேண்டும், அதற்கு கேஎல்தான். பட்டர்வொர்த்தில் காலை ரயில் பிடித்துப் போனார் அத்தான். முன்பு ஷெங்கன் விசா எடுத்து கைரேகை கொடுத்திருந்தால் 59 மாதம் வரை அதையே பயன்படுத்திக்கொள்வார்கள், இவருக்கு இதுதான் முதல் தடவை. கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயதிலிருந்து 12 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு 45, அதற்கும் சின்னப் பிள்ளைகளுக்கு இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி, அதை மலேசிய வெள்ளியில், அதாவது ரிங்கிட்டில் கட்டுவோம். விசா மறுத்தாலும் இந்தப் பணம் திரும்பாது. அதனால்தான் தாள்களைச் சரியாக அடுக்குவதில் அத்தனை பிடிவாதம் பிடித்தேன்.

தாள்கள் என்று பார்த்தால் பாஸ்போர்ட் ஷெங்கனை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகு இன்னும் மூன்று மாதம் செல்ல வேண்டும், பத்து ஆண்டுகளுக்குள் கொடுத்ததாக இருக்க வேண்டும், இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். பயணக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு. இங்கே ஒரு முக்கியமான விஷயம், காப்புறுதிக் கம்பெனிகள் 'ஷெங்கன் நாடுகள்' என்று அச்சடித்துக் கொடுப்பார்கள், விசாவுக்கு அது போதும், ஆனால் அந்தோரா மலையில் கால் சறுக்கினால் அந்தத் தாள் உதவுமா என்பது வேறு கேள்வி. கேட்டு அந்தோரா பெயரையும் சேர்த்து வாங்குங்கள். அப்புறம் பேங்க் ஸ்டேட்மென்ட், முதலாளி கடிதம், லீவு அனுமதி, போக வர டிக்கெட் முன்பதிவு, ஹோட்டல். எல்லாவற்றையும் விட மலேசியாவில் இருக்கும் உரிமை முக்கியம். எம்ப்ளாய்மென்ட் பாஸ் நீங்கள் திரும்பி வரும் நாளைத் தாண்டியும் நல்ல காலம், குறைந்தது மூன்று மாதம், செல்லுபடியாக இருக்க வேண்டும். பாஸ் முடியப் போகிறது, புதுப்பித்தல் நடந்துகொண்டிருக்கிறது என்ற நிலையில் இருப்பவர்கள் முதலில் அதை முடித்துவிட்டு வாருங்கள். திரும்பி வருவார் என்று தூதரகத்தை நம்ப வைக்க உங்களிடம் இருக்கிற மிகப் பெரிய சான்று அதுதான்.

விண்ணப்பப் படிவத்தில் எத்தனை நுழைவு கேட்கிறீர்கள் என்று ஒரு கட்டம் வருகிறது. ஒன்று, இரண்டு, பன்முறை. எங்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுக்க வந்தவர், பல வருடமாக இந்தத் தொழிலில் இருப்பவர், "ஒரே ட்ரிப்தானே சார், சிங்கிள் போதும், அதுல கை வைக்காதீங்க, அதிகம் கேட்டா ரிஜெக்ட் பண்ணிடுவான்" என்று அத்தானிடம் அடித்துச் சொல்லிவிட்டார். அத்தான் பயந்த சுபாவம், தலையாட்டிவிட்டார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தேவையோடு கேட்பதற்கும் சும்மா கேட்பதற்கும் தூதரகத்துக்கு வித்தியாசம் தெரியும். அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரே பக்கத்தில் கடிதம் எழுதினோம். இந்தத் தேதியில் பார்சலோனாவில் இறங்குகிறோம், இந்தத் தேதியில் பஸ்ஸில் அந்தோரா லா வெல்யாவுக்குப் போகிறோம், இந்தத் தேதியில் திரும்பி ஸ்பெயினுக்கு வருகிறோம், அந்தோரா ஷெங்கனுக்கு வெளியே இருப்பதால் எனக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நுழைவு தேவைப்படுகிறது, கூட வருகிற மனைவி பிள்ளைகள் மாமியார் எல்லோரும் மலேசியக் குடிமக்கள். அவ்வளவுதான். அந்தோரா ஹோட்டல் முன்பதிவையும் பஸ் முன்பதிவையும் அதோடு பின் பண்ணினோம். சிலர் அந்தோராவை மறைத்துவிட்டு எல்லா இரவும் பார்சலோனா என்று காட்டச் சொல்கிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பொய் தாள் கொடுத்தால் அந்த ஒரு விசாவோடு போகாது, பெயர் கணினியில் ஏறிவிடும்.

விசா வந்ததும் ஸ்டிக்கரை நன்றாகப் படியுங்கள். பாஸ்போர்ட் கவரைப் பிரித்ததும் அக்கா முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே வைத்துவிடப் போனார் அத்தான், நான் வாங்கிப் பார்த்தேன். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று ஒரு வரி, அதற்குக் கீழே நுழைவு எண்ணிக்கை, அதற்குப் பக்கத்தில் எத்தனை நாள் தங்கலாம் என்று ஒரு எண். நுழைவுக் கட்டத்தில் 01 இருந்தால் ஒன்று, 02 இருந்தால் இரண்டு, எம்யூஎல்டி (MULT) என்று நான்கு எழுத்து இருந்தால் பன்முறை. அத்தானுக்கு அந்த நான்கு எழுத்து. ஒருவேளை 01 என்று வந்திருந்தால் மையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே கேட்டிருப்போம், ஊருக்கு வந்தபிறகு கேட்பது கஷ்டம். தேதி இடைவெளியையும் நாள் எண்ணிக்கையையும் ஒன்றென்று நினைத்துவிடக் கூடாது, விசா ஒரு மாதத்துக்குச் செல்லும் என்றாலும் தங்கக் கொடுத்த நாள் அதைவிடக் குறைவாக இருக்கலாம். அந்தோராவில் இருக்கிற நாள் ஷெங்கன் நாள் கணக்கில் வராது என்பது சட்டம், ஆனால் அங்கே முத்திரை குத்துவது வழக்கமில்லை என்பதால் ஹோட்டல் ரசீதையும் பஸ் டிக்கெட்டையும் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது.

"எல்லையில் யாரும் பார்க்க மாட்டான், சிங்கிளிலேயே போய் வந்துவிடலாம்" என்று சொல்கிறவர்களை நான் நிறையக் கேட்டுவிட்டேன். போகும்போது உண்மையிலேயே யாரும் எங்களைப் பார்க்கவில்லை, பஸ் வேகத்தைக் குறைத்தது, அப்படியே போய்விட்டது. திரும்பும்போது அப்படி இல்லை. அந்தோராவில் புகையிலையும் மதுவும் விலை குறைவு, அதனால் வெளியே வருகிற வண்டிகளை ஸ்பெயின் சுங்கம் கண் வைத்துப் பார்க்கிறது. எங்கள் பஸ்ஸை ஓரம் கட்டச் சொன்னார்கள், பெட்டிகளில் சிலவற்றைத் திறந்தார்கள், இரண்டு அதிகாரிகள் பஸ்ஸுக்குள் ஏறி வந்தார்கள். அம்மாவுடைய பாஸ்போர்ட்டையும் என்னுடையதையும் அதில் ஒருவர் அட்டையைப் பார்த்தே திருப்பிக் கொடுத்துவிட்டார். அத்தானுடையதை வாங்கி விசாப் பக்கம் வரை புரட்டி, விரலை அந்த நுழைவுக் கட்டத்தில் வைத்துப் படித்துவிட்டு, அப்புறம்தான் கொடுத்தார். அக்காவின் கை அத்தான் சட்டையைப் பிடித்திருந்தது. அந்த இடத்தில் 01 இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தோராவுக்குள் இந்தியத் தூதரகம் கிடையாது, மட்ரிட்டில் இருக்கிற தூதரகம்தான் அந்தோராவையும் பார்க்கிறது, மட்ரிட்டுக்குப் போக விசா இல்லை. இந்த நிலைமைக்குள் பிள்ளைகளோடு போய் மாட்டிக்கொள்ளச் சொல்லி யாரும் யாருக்கும் யோசனை சொல்லக் கூடாது, இதில் எனக்குக் கோபமே வருகிறது.

மலேசிய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இதில் எந்தப் பதற்றமும் இல்லை. ஷெங்கனில் 180 நாளுக்குள் 90 நாள் விசா இல்லாமல் இருக்கலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் உள்ளே வெளியே போகலாம், அந்தோராவிலும் சுற்றுலாவாக 90 நாள் வரை. மூன்று மாதச் செல்லுபடி விதி நமக்கும் உண்டு, அதனால் வருஷக் கடைசியில் பாஸ்போர்ட் முடிகிறவர்கள் முன்னாலேயே குடிநுழைவுத் துறைக்குப் போய்ப் புதுப்பித்துக்கொள்ளுங்கள், 60 வயதைத் தாண்டியவர்களுக்கு நூறு வெள்ளிதான். விசா வேண்டாம் என்பதற்காக வெறுங்கையோடு போகவும் கூடாது. எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள், செலவுக்கு என்ன இருக்கிறது என்று எல்லை அதிகாரி கேட்கலாம், கேட்டால் காட்ட வேண்டும்.

புதிதாக வந்திருப்பது கைரேகையும் முகப்படமும். 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் முத்திரைக்குப் பதில் இஇஎஸ் என்ற பதிவுமுறையைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். விசா இல்லாமல் போகிற நம்மைப் போன்றவர்களிடம் முதல் தடவை நான்கு விரல் ரேகையும் முகப்படமும் எடுக்கிறார்கள், 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு முகம் மட்டும். ஏற்கெனவே விசாவுக்கு ரேகை கொடுத்தவர்களுக்கு மறுபடி பதிவு இல்லை, முகம் மட்டும்தான். அதனால் பார்சலோனாவில் வேடிக்கை என்னவென்றால் விசாவுக்கு அத்தனை பாடுபட்ட அத்தான் சீக்கிரம் வெளியே வந்துவிட்டார், அம்மாதான் நின்றுவிட்டார். சின்ன வயதில் கூலிம் பக்கம் தோட்டத்தில் பால்மரம் சீவிய கை, ரேகை எல்லாம் தேய்ந்துபோயிருக்கிறது, இங்கே பேங்கில் மைகார்டுக்கு (மலேசிய அடையாள அட்டை) விரல் வைத்தால்கூட சிவப்பு விளக்குதான் எரியும். இயந்திரம் திரும்பத் திரும்ப மறுத்தது. அங்கிருந்த பெண் அதிகாரி அம்மாவை அழைத்துக்கொண்டு போய், ஈரத்துணியால் விரலைத் துடைத்துவிட்டு, தன் கையாலேயே அம்மாவின் விரல்களைக் கண்ணாடி மேல் ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்து எடுத்தார். அம்மா அவருக்குத் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்துவிட்டு வந்தார். வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் இதற்கு நேரம் ஒதுக்குங்கள், குறிப்பாக ஃப்ராங்க்ஃபர்ட், ஆம்ஸ்டர்டாம் மாதிரி ஊரில் விமானம் மாறிப் பார்சலோனா போகிறவர்கள். உங்களுடைய ஷெங்கன் நுழைவு அந்த முதல் ஊரிலேயே நடந்துவிடும், வரிசையும் அங்கேதான், அடுத்த விமானத்துக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் வேண்டாம்.

அடுத்து வரப்போவது எட்டியாஸ். இது விசா இல்லை, விசா தேவைப்படாத மலேசியர் போன்றவர்கள் கிளம்பும் முன் இணையத்தில் எடுக்க வேண்டிய அனுமதி. 2026 கடைசிக் காலாண்டில் தொடங்கும் என்று ஐரோப்பிய ஒன்றியம் அறிவித்திருக்கிறது. கட்டணம் 20 யூரோ, 18 வயதுக்குக் கீழும் 70 வயதுக்கு மேலும் இலவசம், மூன்று ஆண்டு அல்லது பாஸ்போர்ட் முடியும் வரை செல்லும். அந்தோராவுக்குப் போகிறவர்களுக்கும் இது வேண்டும், காரணம் மறுபடி அதே சாலைதான். இப்போதே எட்டியாஸ் எடுத்துத் தருகிறோம் என்று பணம் வாங்குகிற தளங்கள் இருக்கின்றன, தொடங்காத ஒன்றை யாரும் எடுத்துத் தர முடியாது, தொடங்கிய பிறகும் ஐரோப்பிய ஒன்றியத்தின் சொந்தத் தளத்தில் மட்டும் போடுங்கள்.

கைபேசி பற்றி ஒரு வார்த்தை. ஐரோப்பாவுக்கு என்று வாங்குகிற ரோமிங் பொட்டலமும் இ-சிம்மும் பல சமயம் அந்தோராவைச் சேர்ப்பதில்லை, எல்லை தாண்டியதும் கைபேசி அந்தோரா டெலிகாமுக்கு மாறிவிடும், பில் எகிறும். நாடுகளின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள், இல்லையென்றால் பஸ்ஸிலேயே டேட்டாவை அணைத்துவிட்டு ஹோட்டல் வைஃபையில் பார்த்துக்கொள்ளலாம்.

மெரிட்செல் கோயில் கனில்லோ பக்கம் மலைச்சரிவில் இருக்கிறது, தலைநகரிலிருந்து பஸ்ஸில் போகலாம். கருங்கல்லும் வெள்ளை வளைவுமாகக் கட்டியிருக்கிறார்கள், பக்கத்திலேயே எரிந்த பழைய கோயிலையும் சரிசெய்து வைத்திருக்கிறார்கள். அம்மா உள்ளே உட்கார்ந்து தமிழில் ஜெபமாலை சொன்னார், அத்தான் பதில் சொன்னார். "மாப்பிள்ளைக்கு விசா குடுத்த தாயே" என்றும் நடுவில் அம்மா ஒரு வரி சேர்த்துக்கொண்டார்.

செப்டம்பர் 8க்கே போக நினைக்கிறவர்கள் கணக்கை இப்படிப் போடுங்கள். ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்னாலிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்னால் கொடுத்தாக வேண்டும். முடிவு சொல்ல 15 நாள், சந்தேகம் வந்தால் 45 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். ஜூன், ஜூலையில் மையத்தில் நேரம் கிடைப்பது கஷ்டம், எல்லோரும் கோடைக்குக் கிளம்புகிற நேரம். ஏப்ரலில் கேஎல் போய்க் கைரேகை கொடுத்துவிடுங்கள், வீட்டில் இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கிறவர் கையில் விசா வந்து, அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்த பிறகு மற்றவர்களுக்கு டிக்கெட் எடுங்கள்.